பட்டி இடாப்பில் பதினேழு பிள்ளைகள்

அன்னமுத்து தினமும் காலையில் மூன்று முடிச்சுப் போடுவாள். முதல் முடிச்சு தன் கொண்டைக்கு. அடுத்தது கன்றின் கழுத்துக் கயிற்றுக்கு. கடைசி முடிச்சு இரண்டு வயது மகள் சிவக்கொழுந்தின் இடுப்புக் கயிற்றுக்கு. கன்றையும் மகளையும் குசினிக் கூரையைத் தாங்கும் கப்பில் கட்டிவிட்டு, இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு படலையைச் சாத்துவாள். பிள்ளை கொஞ்ச நேரம் அழும். பிறகு கன்றோடு விளையாடும். பிறகு மண்ணை அள்ளித் தின்னும்.

நெடுந்தீவில் அவர்கள் இருந்த குறிச்சிக்கு வெள்ளைமணற்குடா என்று பெயர். பெயரில் இருந்த வெள்ளை தண்ணீரில் இல்லை. எங்கே தோண்டினாலும் உவர்தான். நல்ல தண்ணீருக்கு ஒன்றரைக் கட்டை தூரம் நடக்க வேண்டும். கொண்டுவந்த தண்ணீரை இறக்கி வைத்த கையோடு வரகு வெட்ட ஓட வேண்டும். புருஷன் கதிர்காமு தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக் கடையில் நின்றான். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, மகள் தன்னைக் கண்டு பயந்து அழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று நடக்க அன்னமுத்துவும் முயன்று பார்த்தவள்தான். ஒரு நாள் குடம் உடைந்தது, மறுநாள் பிள்ளை விழுந்தது. அதற்குப் பிறகுதான் கயிறு.

இதை யாரும் தவறென்று சொன்னதில்லை. அடுத்த வளவுக் கத்தரீனா தன் இரட்டைப் பையன்களை ஒரே பூவரசின் இரண்டு பக்கத்திலும் கட்டிவிட்டுத்தான் கருவாடு காயப்போடப் போவாள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் அந்தக் குறிச்சியில் மட்டும் பதினேழு பிள்ளைகள் காலையில் கயிற்றில் நின்றார்கள். நடக்கத் தொடங்கினால் கட்டு, பள்ளிக்கூடம் போகும் வயதில் அவிழ்ப்பு, இதுதான் ஊர் வழக்கம். கயிறு உரசிப் புண்ணாகும், புண் ஆறித் தழும்பாகும். அரைஞாண் மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். கண்ணுக்குப் பழகிப்போனது மனசுக்குப் படாது.

அன்றைக்கு அன்னமுத்து தண்ணீரோடு திரும்பி வரும்போது, மட்டக்குதிரைகள் நாலைந்து வேலியோரமாக ஓடிப்போவதைக் கண்டாள். தீவில் அது புதினமில்லை. ஆனால் படலையைத் திறந்ததும் கன்றைக் காணவில்லை. பிள்ளையின் சத்தத்தையும் காணவில்லை.

குதிரைகளுக்கு வெருண்ட கன்று கப்பைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. அதன் கயிறும் பிள்ளையின் கயிறும் ஒன்றோடொன்று முறுகிச் சிவக்கொழுந்தைக் கப்போடு சேர்த்து இறுக்கியிருக்கிறது. கடைசியில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பிள்ளைக்கு அறுக்கத் தெரியாது. ஒரு கை முறுக்குக்குள் மாட்டி முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

குடங்கள் எங்கே விழுந்தன என்று அன்னமுத்துவுக்குத் தெரியாது. குசினிக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பிள்ளை ஒரு தரம் விக்கியது. பிறகு ஊர் கேட்க வீரிட்டது. பெற்ற அன்று அந்தப் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டுக்கூட அன்னமுத்து அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

நாட்டு வைத்தியர் சின்னக்குட்டிப் பரியாரியார் வந்து தோளைத் தடவி, விலகிய மூட்டை ஏற்றி, பனம்மட்டைச் சிம்பு வைத்துக் கட்டினார். போகும்போது படலையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இன்னும் ஒரு சுத்துச் சுத்தியிருந்தா எனக்கு இஞ்சை வேலை இருந்திராது. விளங்குதோ?"

விளங்கியது. அன்று முழுவதும் அவள் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. தண்ணீர் இல்லை, அடுப்பு மூட்டவில்லை, வரகு வெட்டப் போகவில்லை. பின்னேரம் கத்தரீனா வந்து இன்னொரு செய்தி சொன்னாள். கன்று போய் விழுந்த இடம் கிராமச் சங்கத் தலைவர் பரராசசிங்கத்தின் வரகுக் காணி. பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார்கள்.

பட்டி என்றால் ஊரில் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம். வெள்ளைமணற்குடாவில் மாடுகள் ஏராளம். பயிரை மேய்ந்தது உன் மாடா என் மாடா என்று மண்டை உடைந்த காலம் ஒன்று இருந்தது. பரராசசிங்கம் தலைவரானதும் அதை ஒழித்துக்காட்டினார். அதற்காக அவர் கட்டிய பட்டியைத் தீவில் உள்ளவர்கள் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாள் தவறாமல் தானும் ஒரு தரம் போய்ப் பார்க்காவிட்டால் தலைவருக்குச் சாப்பாடு இறங்காது.

மறுநாள் காலை, சிம்பு கட்டிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அன்னமுத்து பட்டிக்குப் போனாள். அவள் அதற்குள் போனது அதுதான் முதல் தடவை. நெஞ்சளவு உயரத்துக்கு முருகைக்கல் மதில். உள்ளே இரண்டு பூவரசுகளின் நிழல். பனையோலை வேய்ந்த நீளமான கொட்டில் ஒன்று. சீமெந்து பூசிய தொட்டி நிறையத் தண்ணீர். கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்! மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து, அவள் நடக்கிற அதே ஒன்றரைக் கட்டை தூரத்திலிருந்து கொண்டுவருகிறார்களாம்.

"கண்டுக்குட்டி சுகமா நிக்குது தங்கச்சி," என்றான் பட்டிக் காவலாளி சந்தியோகு. நாற்பது வயது, அதிகம் பேசாத மனிதன். "புல்லுப் போட்டனான். கயிறு அறுத்ததிலை கழுத்திலை எப்பன் காயம். எண்ணெய் பூசி விட்டனான்."

அன்னமுத்து கன்றின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே எண்ணெய் பூச அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"இதெல்லாம் செய்யச் சொல்லி ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது?"

"சட்டமெல்லே தங்கச்சி. அனாதரவா நிக்கிற சீவனைக் கண்டா உள்ளை விடோணும். நிழலும் தண்ணியும் குடுக்கோணும். நிறம், வயது, அடையாளம் எல்லாம் இடாப்பிலை எழுதோணும். சொந்தக்காரர் வரும்வரைக்கும் நான்தான் பொறுப்பு. மாதத்துக்கு ஒருக்கா யாழ்ப்பாணத்திலையிருந்து மாட்டு டொக்டரும் தோணியிலை வருவார்."

அப்போது தலைவர் பரராசசிங்கம் இரண்டு சங்க உறுப்பினர்களோடு உள்ளே வந்தார். வேட்டியைத் தொப்புளுக்கு மேலே உயர்த்திக் கட்டி, அதற்கு மேல் அகலமான தோல் வார் பூட்டியிருந்தார். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு அதிகாரி பட்டியைப் பார்க்க வருகிறார். தலைவருக்கு அந்த நினைப்பிலே கால் நிலத்தில் பாவவில்லை.

"ஏன் பிள்ளை, கண்டை ஒழுங்காக் கட்டத் தெரியாதோ உனக்கு?"

"கட்டினனான் ஐயா. கண்டையும் பிள்ளையையும் ஒரே கப்பிலை கட்டினது என்ர பிழைதான்." அன்னமுத்து அதோடு நிற்கவில்லை. "ஐயா, ஒண்டு கேக்கட்டோ? கண்டு ஓடினா வைச்சுப் பார்க்க ஒரு வளவு இருக்கு, ஒரு ஆள் இருக்கு, டொக்டர் இருக்கிறார். நாங்கள் தண்ணிக்கும் வயலுக்கும் போற நேரம் பிள்ளையளை வைச்சுப் பார்க்க ஒரு ஆளை விடேலாதோ?"

தலைவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். தலைவர் சிரித்தால் சிரிப்பதற்குத்தானே கூட வருகிறார்கள்.

"நல்ல கதை. பிள்ளை பார்க்கிறது தாயின்ர கடமை. அதுக்கும் சங்கம் ஆள் வைக்கிறதோ? பேந்து முலை குடுக்கவும் ஆள் கேப்பியள். வேணுமெண்டா பெட்டிசம் எழுதித் தாங்கோ. பார்ப்பம்."

அவர் பேச்சுக்குச் சொன்னார். அன்னமுத்து அதைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக் கிறேசம்மா ரீச்சர் பெட்டிசத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தா. மதிலும் நிழலும் உள்ள ஓர் இடம் வேண்டும், பிள்ளைகளைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு பெண் வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவையாவது மருத்துவிச்சி வந்து பிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. பதினான்கு தாய்மார் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். கத்தரீனாவின் அடையாளத்தில் கருவாட்டு வாசமும் சேர்ந்து போனது.

சங்கம் கூடிய நாளில் பெட்டிசம் படிக்கப்பட்டது. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர், "பொம்பிளையளுக்கு வோட்டுக் குடுத்ததாலை வந்த வினை" என்றார். தலைவர் கடதாசியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பட்டியில் எந்த இடத்தில் தோரணம் கட்டுவது என்ற விஷயத்துக்குப் போனார். அது முடிய இரண்டு மணித்தியாலம் ஆயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம், நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்றபோது, சந்தியோகு அங்கே வந்தான். சங்க மண்டபத்தைக் கூட்டுவதும் அவன் வேலைதான். நாலாக மடித்த ஒரு கடதாசியை அன்னமுத்துவிடம் நீட்டினான். மடிப்பில் வட்டமாக ஒரு அழுக்குத் தடம்.

"தங்கச்சி, உங்கட பெட்டிசம் நல்லா வேலை செய்தது. மேசைக் காலுக்குக் கீழை வைச்சிருந்தவை. நான் எடுக்குமட்டும் மேசை ஆடேல்லை."

கத்தரீனா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். மற்றவர்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு மண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். அன்னமுத்து மட்டும் அழவில்லை. கடதாசியை விரித்தாள். தன் பெருவிரல் தடத்தின் மேலேயே மேசைக் கால் அழுந்தியிருந்தது.

"பட்டியைப் பார்க்கக் கச்சேரி ஆள் வாற நாளிலை, பிள்ளையளைக் கொண்டுபோய்ப் பட்டியிலை விடுவம்," என்றாள்.

"உனக்கென்ன விசரே? மாடு அடைக்கிற இடத்திலை பிள்ளையளை விட்டாச் சனம் சிரியாதே?"

"சிரிக்கட்டும் கத்தரீனா. கட்டிப்போட்ட நேரம் ஆர் அழுதவை?"

"சந்தியோகு அண்ணைக்கு வேலை போயிடுமே?" என்றாள் வேறொருத்தி.

எல்லாரும் சந்தியோகுவைப் பார்த்தார்கள். பதில் சொன்னது அவன் பெண்சாதி அல்போன்சம்மா. கிணற்றின் மறுபக்கத்தில் துலாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பொதுவாக யாரோடும் கதைக்காதவள்.

"போனாப் போகட்டும். நான் என்ர பெடியனைக் கட்டேல்லை. கயிறைக் கையிலை எடுத்தா மனசு கேக்காது. கட்டாமல் விட்டிட்டுத் தண்ணிக்கு வந்தனான். வந்து பார்த்தா வளவுக் கிணத்துக்குள்ளை கிடந்தவன். பதினொரு வருசமாச்சு." கயிற்றை விட்டுவிட்டு அன்னமுத்துவின் பக்கம் வந்தாள். "கட்டினா ஒரு சாவு, கட்டாட்டி ஒரு சாவு. கொண்டுவாங்கோ பிள்ளையளை. நான் உள்ளை இருந்து பார்க்கிறன்."

அதற்கு மேல் அங்கே யாரும் சனத்தின் சிரிப்பைப் பற்றிக் கதைக்கவில்லை.

குறித்த நாள் வந்தது. பட்டி வாசலில் குருத்தோலைத் தோரணம். கொட்டிலுக்கு வெள்ளை அடித்திருந்தது. தலைவர் விடியவே துறைமுகத்துக்குப் போய் அதிகாரியின் தோணிக்குக் காத்திருந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி தன் பையனுக்குப் புதுச் சட்டை போட்டிருந்தாள். ஒருத்தி பிள்ளையை இறக்கிவிட்டுப் போக மனமில்லாமல் இரண்டு தரம் திரும்பி வந்தாள். சந்தியோகு மாடுகளை மதிலின் பின்பக்கம் ஒதுக்கிக் கட்டிவிட்டு, கொட்டிலைக் கழுவிப் பாய் விரித்திருந்தான். அல்போன்சம்மா பெரிய பானையில் குரக்கன் கஞ்சி காய்ச்சி, பால் விட்டு இறக்கினாள்.

வாசலில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு சந்தியோகு இடாப்பைத் திறந்தான். பட்டிக்குள் எது வந்தாலும் எழுத வேண்டும் என்பது சட்டம். மூன்றாம் வகுப்புப் படிப்புத்தான் என்றாலும் அவன் வேலையில் பிசகாத மனிதன். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துப் பார்த்து எழுதினான்.

தாய்மார் வரகு வெட்டப் போனார்கள். அன்னமுத்து அன்றைக்கு வெட்டிய வரகில் பாதி நிலத்தில்தான் விழுந்தது. பட்டியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்பதிலேயே காது இருந்தது. சந்தியோகுவுக்கு வேலை போனால் அந்தப் பழி தன் தலையில். பிள்ளைகளைத் தூக்கி வெளியே எறிந்தால் நாளைக் காலை திரும்பவும் அதே கப்பு, அதே கயிறு.

ஒன்பது மணியளவில் அதிகாரி வந்தார். காற்சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. யாழ்ப்பாணத்துக்காரர்தான். வழி நெடுக இந்தப் பட்டியின் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார். தலைவர் முன்னால் ஓடிப்போய் வாசற் கதவை அகலத் திறந்தார்.

"இதுதான் ஐயா எங்கட..."

கொட்டிலுக்குள் பதினேழு பிள்ளைகள் வட்டமாக இருந்து சிரட்டையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தரீனாவின் இரட்டையரில் ஒருவன் எழுந்து தள்ளாடி வந்து, தலைவரின் பட்டுச் சால்வை நுனியைப் பிடித்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ஆர் இதுகளை உள்ளை விட்டது?" தலைவரின் முகம் சிவந்தது. "சந்தியோகு! உனக்கு மூளை பிசகிப் போச்சோ? இது மாட்டுப் பட்டியோ பிள்ளைப் பட்டியோ?"

சந்தியோகு எழுந்து நின்றான். "ஐயா, அனாதரவா நிண்ட சீவனுகள். சட்டப்படி உள்ளை விட்டனான். நிழலும் தண்ணியும் குடுத்தனான். இடாப்பிலை எழுதியிருக்கிறன்."

அதிகாரிக்கு முதல் தடவையாக அந்தப் பட்டியில் அக்கறை பிறந்தது. "எழுதியிருக்கோ? எங்கை, வாசியுங்கோ தலைவர்."

மறுக்க முடியுமா? பரராசசிங்கம் இடாப்பை வாங்கி உரக்க வாசித்தார்.

"இலக்கம் ஒன்று. பெண். வயது இரண்டு. அடையாளம், இடுப்பில் கயிற்றுத் தழும்பு, வலக்கையில் சிம்புக்கட்டு. சொந்தக்காரர், அன்னமுத்து.

"இலக்கம் இரண்டு. ஆண். வயது மூன்று. அடையாளம், இடுப்பில் கயிற்றுத் தழும்பு. சொந்தக்காரர், கத்தரீனா.

"இலக்கம் மூன்று. ஆண். வயது மூன்று. அடையாளம், இடுப்பில் கயிற்றுத் தழும்பு..."

நான்காம் இலக்கத்தில் அவர் குரல் தணிந்தது. ஐந்தாவதுக்கும் அதே அடையாளம். ஆறாவதுக்கு, "தழும்பு, இன்னும் ஆறாத புண்." எட்டாவதில் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினீர்? வாசியும்," என்றார் அதிகாரி.

பரராசசிங்கம் வாசிக்கவில்லை. அவருடைய இடது கை தானாகப் போய்த் தோல் வாரின் மேல் நின்றது. அந்த வாருக்குக் கீழே, ஐம்பது வருஷமாக ஊருக்குக் காட்டாத ஒரு தழும்பு இருந்தது. பிறவி மச்சம் என்று பெண்சாதிக்குச் சொல்லியிருந்தார். கோயிலில் சட்டை கழற்றும்போதும் வேட்டியை உயர்த்திக் கட்டி மறைப்பார். தலைவர் ஒருவர் மாடு மாதிரிக் கட்டி வளர்க்கப்பட்டவர் என்று ஊர் அறியக்கூடாது அல்லவா?

அவருடைய தாயும் தண்ணீர் சுமந்தவள்தான். கயிற்றைக் கட்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் திருப்பினாள் என்று அன்றைய பிள்ளைக்குத் தெரியாது. தலைவருக்கு இப்போது தெரிந்தது. அவள் அழுதிருக்கிறாள். பிள்ளை பார்ப்பது தாயின் கடமை என்று அன்னமுத்துவைப் பார்த்துத் தான் சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்த மனிதருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

பதினேழு பிள்ளைகளும் கஞ்சிச் சிரட்டைக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல இடாப்பைச் சந்தியோகுவின் கையில் கொடுத்தார். பிறகு எல்லாரும் பார்க்கத் தோல் வாரைக் கழற்றி இடுப்பைக் காட்டினார்.

"பதினெட்டாவதா என்ர பேரையும் எழுது சந்தியோகு," என்றார். "ஆண். வயது ஐம்பத்திநாலு. அடையாளம் அதேதான்."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா," என்று தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "மாட்டுக்கு மதில் கட்டின எனக்குப் பிள்ளையளின்ர புண் தெரியேல்லை. பிழை என்ர. இந்தக் கொட்டிலும் முன்வளவும் இண்டையிலிருந்து பிள்ளையளுக்கு. மாட்டுக்குப் பின்னாலை வேறை கட்டுவம். அல்போன்சம்மாவுக்குச் சம்பளத்துக்குச் சங்கம் தீர்மானம் எடுக்கும், அது என்ர பொறுப்பு. மருத்துவிச்சிக்கு மட்டும் நீங்கள் ஒரு வழி பண்ணோணும்."

"மாட்டு டொக்டர் வாற தோணியிலை மருத்துவிச்சிக்கும் இடமிருக்கு," என்றார் அதிகாரி. "எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுறன். வரும்வரைக்கும் விடமாட்டன்."

யாரோ ஓடிப்போய் வயலில் சொல்லிவிட்டார்கள். சொன்னவன் என்ன சொன்னானோ, பட்டியில் பெரிய அமளி என்று மட்டும்தான் பெண்களின் காதில் விழுந்தது. வெட்டிய வரகு கிடந்தபடி கிடக்க, கையில் அரிவாளோடு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். முன்னால் அன்னமுத்து. மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

சிவக்கொழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். சிம்பு கட்டிய கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மற்றக் கையை விரித்துக்கொண்டு, கொட்டிலைச் சுற்றி ஒரு கோழியைத் துரத்தினாள். விழுந்தாள். எழும்பினாள். திரும்பவும் ஓடினாள். எந்த இடத்திலும் எதுவும் அவளைப் பின்னால் இழுக்கவில்லை. தன் மகளுக்கு இவ்வளவு நன்றாக ஓடத் தெரியும் என்பதை அன்னமுத்து அன்றைக்குத்தான் கண்டாள். கிணற்றடியில் வராத அழுகை அப்போது வந்தது.

"பிள்ளை," என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பரராசசிங்கம் கூப்பிட்டார். "அந்தப் பெட்டிசம் ஆரிட்டை இருக்கு?"

அன்னமுத்து மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அந்த அழுக்கு வட்டத்தைப் பார்த்தார். கீழே தன் பெயரை எழுதி, கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருவிரலையும் மையில் தோய்த்து வைத்தார். கத்தரீனாதான் முதலில் கை தட்டினாள். பிறகு பட்டி முழுதும் அந்தச் சத்தம்தான். பின்பக்கம் நின்ற மாடுகள்கூட வெருண்டு கத்தின.

அந்தக் கிழமையே சங்கம் கூடித் தீர்மானம் எடுத்தது. வோட்டைப் பற்றிக் கதைத்தவர் அன்று வாயைத் திறக்கவில்லை. அவருடைய பெண்சாதி மூன்று நாளாக அவரோடு பேசாமல் இருந்ததாகக் கேள்வி. மேசை மட்டும் பழையபடி ஆடத் தொடங்கியது. ஆடட்டும்!

வைகாசியில் மருத்துவிச்சி வந்து இறங்கினா. மாட்டு டொக்டர்தான் அவவின் பெட்டியைத் தூக்கி வந்தார். பிள்ளைகளின் இடுப்புப் புண்களுக்கு மருந்து கட்டினா, நாலு பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தா, ஒருத்தியை உடனே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. அவளும் பிள்ளையும் பிழைத்தார்கள். தண்ணீர் வண்டி இப்போது முதலில் பிள்ளைகளின் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அல்போன்சம்மா கதைக்காத மனுஷி என்று யாராவது சொன்னால் இப்போது ஊர் நம்பாது. காலையிலிருந்து பின்னேரம்வரை பாட்டும் கதையும்தான்.

செய்தி கடல் தாண்டியது. ஆவணியில் புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து ஏழு பெண்கள் தோணி பிடித்து வந்து கொட்டிலைப் பார்த்தார்கள். பாயைப் பார்த்தார்கள், கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்தார்கள், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அந்த அழுக்கு வட்டப் பெட்டிசத்தையும் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி, கதை எல்லாம் கேட்டு முடிந்தபிறகு, அன்னமுத்துவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாம் சரி மோளை. எண்டாலும் பெத்த பிள்ளையைக் கயித்திலை கட்ட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது? பாசமில்லையே?"

பக்கத்தில் நின்ற பரராசசிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு, அது தன்னிடம் கேட்ட கேள்வியல்ல என்று விளங்கி, அன்னமுத்துவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அன்னமுத்து யோசிக்கவில்லை. எத்தனையோ காலைகளில் முடிச்சுப் போட்ட விரல்கள் அந்தப் பதிலை எப்போதோ ஆயத்தம் செய்து வைத்திருந்தன.

"பாசமில்லாமல் கட்டேல்லை அக்கா, ஆளில்லாமல் கட்டினனாங்கள்," என்றாள். "தாய்க்குப் புத்தி சொல்ல ஊரிலை ஆயிரம் வாய் இருக்கு. பிள்ளையைப் பார்க்க அந்த ஊர் ரெண்டு கை தந்தாப் போதும், கயிறு தானா அவிழும்."